கண்ணுக்குக் கீழே இருந்த பல்

பல் வலி வந்தால் மற்றவர்கள் பல்லைப் பற்றிக் கவலைப்படுவார்கள். எனக்கு வந்தது கண்ணைப் பற்றிய கவலை. அதற்குக் காரணம் என் கடைக்கு அடுத்த வெற்றிலைக் கடை அண்ணாச்சி.

அப்போது தென்காசி கடைத்தெருவில் ஒரு தையல் மிஷினை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். சட்டை, ஜாக்கெட், தலையணை உறை, எப்போதாவது ஒரு கோட்டு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஊசியும் கண்ணும்தான் எனக்குச் சோறு போட்டன. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் மேல்வரிசையில் இடது பக்கம், கோரைப்பல்லுக்கு அடுத்த பல் குத்த ஆரம்பித்தது. முதலில் வெந்நீர் பட்டால் வலித்தது, பிறகு பச்சைத் தண்ணீருக்கும், கடைசியில் வாயைத் திறந்து காற்றுப் பட்டாலே வலித்தது.

கிராம்பை வைத்துக் கடித்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். கன்னம் லேசாக உப்பியதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி கடையிலிருந்தே கேட்டார்.

“என்ன வே, வாய்க்குள்ள கொழுக்கட்டையா?”

“பல்லு அண்ணாச்சி.”

“மேலயா, கீழயா?”

“மேல.”

அவர் பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டார். “அத மட்டும் பிடுங்கிராதேயும். மேல்பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பாக்கும். வடகரையில ஒரு மனுசன் மேல்பல்ல எடுத்தாரு. பல்லு போன கையோட அந்தப் பக்கத்துக் கண்ணும் போச்சு. உமக்குக் கண்ணு போனா என்ன வே செய்வீரு? தடவிப் பாத்தா தைப்பீரு?”

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும் சுவரைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பல் இன்னும் வாயில்தான் இருந்தது. இருந்தாலும் வலி அந்த நரம்பு வழியாக ஏறிக்கொண்டிருக்குமோ என்று ஒரு பயம்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி கேட்டாள், “அந்த வடகரைக்காரருக்கு என்ன வயசாம்?”

மறுநாள் அண்ணாச்சியிடம் விசாரித்தேன். எழுபதுக்கு மேல் இருக்கும் என்றார்.

“எழுபது வயசுல பல்லும் போவும், கண்ணும் போவும், காதும் போவும். இதுக்கு ஒரு நரம்பு வேணுமாக்கும்?” என்றாள் அவள். பேச்சு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கண் அவளுடையது இல்லையே.

பிடுங்காமல் குணப்படுத்த முடியுமா என்று பார்த்தேன். சந்தைக்குப் பல் புழு எடுக்கிற ஒருத்தி வருவாள். கண்டங்கத்திரி விதையைச் சூடான இரும்பில் போட்டு, அந்தப் புகையை ஒரு குழாய் வழியாக வாய்க்குள் விடுவாள். கொஞ்ச நேரத்தில் கீழே வைத்திருக்கிற தண்ணீர்ச் சட்டியில் வெள்ளை வெள்ளையாகப் புழு மிதக்கும். நான் உட்காருவதற்கு முன்னால் சட்டியை வாங்கி அடிவரை பார்த்தேன். சுத்தமாக இருந்தது. குழாயை வாங்கி உள்ளே ஊதினேன்.

“என்ன சாமி, ஊதுறதுக்கு நாகசுரமா?” என்று பிடுங்கிக்கொண்டாள்.

புகை தொண்டையில் இறங்கி இருமல் வந்ததுதான் மிச்சம். சட்டியில் புழு மிதந்தது உண்மை. ஆனால் எல்லாம் ஒரே நீளம், ஒன்றுகூட நெளியவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கும் அதே அளவுப் புழுதான் வந்தது. உயிருள்ள எதுவும் அளவெடுத்து வெட்டினாற்போல் இருக்காது என்பது எனக்குத் தெரியும். வலியும் குறையவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

சீசன் நாட்களில் குற்றாலத்துக்கு ஒரு பல் டாக்டர் வந்து தங்குவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மதுரைப் பக்கத்து ஆள். அருவியில் குளிக்க வருகிற வக்கீல்களும் பண்ணையார்களும்தான் அவரிடம் போவார்கள். அருவிக்குப் போகிற சாலையில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்து, ‘வலியில்லாமல் பல் எடுக்கப்படும்’ என்று போர்டு மாட்டியிருந்தார். அந்தப் போர்டே எனக்குப் பிடிக்கவில்லை. கல் இல்லாத அரிசி என்று எவனாவது கூவி விற்றால் அதில்தான் கல் இருக்கும். உள்ளூர்க்காரர்களுக்குப் பாதிக் கூலி என்றும் சொன்னார்கள். பாதிக் கூலிக்குப் பாதிப் பல்லைத்தான் எடுப்பான், வேரை உள்ளே விட்டுவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். முழுக் கூலி கேட்டிருந்தால் கொள்ளைக்காரன் என்று நினைத்திருப்பேன். என் புத்தி அப்படி.

அந்த மனிதரே ஒரு நாள் என் கடைக்கு வந்து நின்றார்.

கையில் ஒரு கோட்டு. வலது கை தோள்பட்டைத் தையலில் பாதிக்கு மேல் பிரிந்து தொங்கியது. நான் துண்டைக் கன்னத்தோடு சேர்த்துச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். நாமாகப் போவதற்கு முன்னால் அவர் பார்வையில் பட்டுவிடக் கூடாது என்று ஒரு எண்ணம்.

“இதைச் சீக்கிரம் தைச்சுத் தர முடியுமா?”

பிரிந்த இடத்தைப் பார்த்தேன். தானாக நைந்து பிரிந்த தையல் இல்லை அது. முன்னால் இருந்து யாரோ கையைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்திருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வலி தாங்காமல் துடிக்கிற ஒருவன் எதைப் பிடிப்பான்? எதிரே நிற்கிறவன் கையைத்தான் பிடிப்பான். வலியில்லாமல் எடுக்கிற லட்சணம் இதுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“எப்படிக் கிழிஞ்சுது?”

“குரங்கு. அருவிக்கரையில பாக்கெட்டில கடலை வெச்சிருந்தேன். தாவி வந்து தொங்கிடுச்சு.”

குற்றாலத்தில் குரங்குக்கு என்ன பஞ்சம்? ஆனால் குரங்கின் மேல் பழி போடுவது சௌகரியம். கூப்பிட்டு விசாரிக்க முடியாது. அவர் போனபிறகு கோட்டுப் பையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன். கடலைத் தொலி விழுந்தது. அதைக் கொண்டு குரங்குக் கதையை நம்பலாம்தான். பல் டாக்டர் கடலை தின்கிறவர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது.

கோட்டை வாங்க வந்தபோது கூலியைக் கொடுத்துவிட்டு, “கன்னத்தை எத்தனை நாள் மறைப்பீங்க? சீழ் பிடிச்சிருக்கும். வாங்க, பாத்துட்டுச் சொல்றேன். பாக்கறதுக்குக் காசில்லை” என்றார்.

காசில்லை என்றதும் எனக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது.

மேலும் சில நாள் தள்ளினேன். வீக்கம் ஏறி, சோற்றை விழுங்க முடியாமல் கஞ்சிக்கு வந்துவிட்டேன். மிஷினில் குனிந்தால் ரத்தமெல்லாம் அந்தப் பல்லுக்கே இறங்குவது போல இருந்தது. ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவைத்தேன். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி, “கண்ணு இருந்தும் இப்படித்தான் தைக்கிய. கிளம்புங்க” என்று என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அண்ணாச்சி கடையைத் தாண்டும்போது அவர் தலையைத் தூக்கி, “நான் ஒண்ணும் சொல்லல. போயிட்டு வந்து என்னன்னு சொல்லும்” என்றார்.

குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அறைக்குள் தலை சாய்க்கிற கட்டை வைத்த ஒரு மர நாற்காலி, ஸ்பிரிட் அடுப்பில் கொதிக்கிற பாத்திரம், அதில் குறடுகள். கொதிக்கிறதா, சும்மா ஆவிதான் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். கொதித்தது. அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பல்லைப் பார்த்துவிட்டு, எடுத்தே ஆக வேண்டும், விட்டால் சீழ் மேலே ஏறும் என்றார். மேலே என்றால் கண்ணுக்குத்தானே? இரண்டு பக்கமும் கண்ணையே காட்டி மிரட்டுகிறார்களே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

மரத்துப்போக ஊசி போட்டார். உதடு தடித்தது. மூக்கின் ஓரம் தடித்தது. பிறகு கண்ணுக்குக் கீழ் இமை. விரலால் தொட்டேன். வேறு யாருடைய முகத்தையோ தொட்டது போல இருந்தது.

“ஐயோ, கண்ணு போச்சு! என் கண்ணு போச்சு!” என்று நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்துவிட்டேன். வெளியே குளித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

“ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டுக் கண்ணு போச்சு கண்ணு போச்சுன்னா?” என்றாள் என் மனைவி. “முதல்ல தொறங்க.”

திறந்தேன். தெரிந்தது.

“வலது கண்ணைப் பொத்துங்க. அங்கன ரோட்டுல என்ன போகுது?”

“மாட்டு வண்டி.”

“என்ன மாடு?”

“ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மயிலை.”

“எனக்கும் அப்படித்தான் தெரியுது. உக்காருங்க.”

நான் உட்காரவில்லை. இப்போது தெரிகிறது, மரப்பு இன்னும் ஏறினால்? வேண்டாம், நான் போகிறேன் என்றேன். டாக்டர் கோபப்படவில்லை. குறடைத் தட்டில் வைத்தார்.

“போறதுன்னா போங்க. காசு வேண்டாம். மரப்பு கொஞ்ச நேரத்தில தானா போயிடும். ஆனா ஒண்ணு, பல்லை எடுத்தாலும் ரெண்டு மூணு நாளைக்கு வீக்கம் அதிகமாகும். உங்களுக்கு இருக்கிற சீழுக்குக் கண்ணு மூடுற அளவுக்குக்கூட வீங்கலாம். அப்பத் தெருவில நின்னு என் பேரைச் சொல்லிக் கத்தாதீங்க. தானா வடிஞ்சிடும். இப்பவே சொல்லிட்டேன்.”

கதவுவரை போன நான் அங்கேயே நின்றேன். துணி விற்கிறவன் எவனும் இந்தத் துணி சாயம் போகும், முதல் தண்ணீரில் ஒரு சாண் சுருங்கும் என்று தானாகச் சொல்லமாட்டான். வாங்கிப் போய், நனைத்து, அழுதபிறகு, ‘அப்படித்தான் இருக்கும்’ என்பான். விலக்காக, முன்கூட்டியே குறையைச் சொல்கிற ஒரே ஒரு ஆளிடம்தான் நான் வருஷக்கணக்காகத் துணி எடுத்து வந்தேன். கழுவிய கையும் கொதித்த குறடும் தராத தைரியத்தை இந்தக் கெட்ட செய்தி எனக்குத் தந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

வலி இல்லை என்று சொல்லமாட்டேன். போர்டில் எழுதியது பொய்தான். ஆனால் கத்துகிற அளவுக்கு இல்லை. எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் மண்டைக்குள் கேட்டது, அவ்வளவுதான். பல்லை வாங்கி வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு வேரும் முனைவரை முழுசாக இருந்தன. பாதிக் கூலிக்கு முழுப் பல்.

மறுநாள் அவர் சொன்னது போலவே இடது கண் மூடிக்கொண்டது. சொன்னபடி நடக்கிறது என்று ஒரு மனது ஆறுதல் சொன்னது. இன்னொரு மனது, கண்ணைக் கெடுக்கத் தெரிந்தவன்தானே அதை முன்கூட்டியே சொல்ல முடியும் என்றது. அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “நான் சொன்னேம்லா” என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார். என் மனைவி வெந்நீரில் துணியை முக்கி ஒத்தடம் கொடுத்து, இமையை விரலால் பிரித்து, “தெரியுதா?” என்பாள். கீற்றாகத் தெரியும். “தெரியுது, ஆனா மங்கலா” என்பேன். “புகை அடுப்புக்கு முன்னால உக்காந்து பாத்தா எனக்கும் மங்கலாத்தான் தெரியும்” என்பாள். இரண்டு நாள் கடை திறக்கவில்லை. எந்தக் கண்ணால் இனிப் பிழைப்பது என்று படுத்தே கிடந்தேன்.

பிறகு வீக்கம் இறங்கியது. கண் திறந்தது. சுவரில் பல்லி போனது, அதன் விரல்கள்கூடத் தெரிந்தன.

கடை திறந்த அன்று அண்ணாச்சி வந்து எதிரே உட்கார்ந்தார். ஒரு வெற்றிலையைத் தூக்கிப் பிடித்தார்.

“இது கொழுந்தா, முத்தலா?”

“முத்தல். நுனியில அழுகி இருக்கு அண்ணாச்சி.”

அவர் இலையைத் திருப்பிப் பார்த்தார். அழுகித்தான் இருந்தது. தெருவை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குனிந்து, வாயைத் திறந்து காட்டினார். மேல்வரிசையில் ஒரு பல் வெற்றிலைக் கறையையும் தாண்டிக் கறுத்து, பாதி கரைந்து நின்றது.

“எவ்வளவு காலமா?”

“அது கெடக்கு வே, வருசக்கணக்கா. வலிச்சா ரெண்டு துண்டு பொகையில அடக்கிக்கிடுவேன்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எத்தனை வருஷமாக இதை வாயில் வைத்துக்கொண்டு, நான் போகும்போது ‘வந்து சொல்லும்’ என்றாரே, என்னை முன்னால் அனுப்பிப் பார்த்தாரோ? கேட்டால் சண்டை வரும். கேட்கவில்லை.

சீசன் முடியப்போகிற சமயம். சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனேன். வாசலுக்கு வந்ததும் அவர் நின்றுகொண்டார். “நீரு முதல்ல உள்ள போரும். ஆளு தெளிவா இருக்கானான்னு பாத்துக்கிட்டு என்னக் கூப்பிடும்.”

உள்ளே போனேன். டாக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். ஈறு ஆறிவிட்டதா என்று பார்ப்பார் என்று நினைத்து வாயைத் திறந்தேன். அவர் வாயைப் பார்க்கவில்லை. என் இடது கண்ணைக் குனிந்து பார்த்தார்.

“கண்ணு நல்லாத் தெரியுதுல்ல?” என்றார்.

கேலிக்குக் கேட்டாரா, அவருக்கே உள்ளுக்குள் ஒரு பயம் இருந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிரிக்கவும் இல்லை அவர்.

வாசலில் இருந்து அண்ணாச்சி குரல் கேட்டது. “என்ன வே கேக்காரு?”

“சௌக்கியமான்னு கேக்காரு அண்ணாச்சி,” என்றேன். “பயப்படாம உள்ள வாங்க.”