பூஜையில் வைத்த கட்டு

நீலசந்திராவில் அந்த மூன்று மாடிப் பள்ளிக்கூடத்தில் யசோதா பதினோரு வருஷமாக ஆயா. நாலாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. மணி அடிப்பது, படி கழுவுவது, சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது, மத்தியானம் மிஸ்ஸுகளின் சாப்பாட்டு டப்பாக்களை அலம்பி வைப்பது எல்லாம் அவள்தான். அதனால் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்பது அவள் கைக்குத் தெரியும். டப்பாவைத் தூக்கினாலே போதும்.

1998இல் தசரா லீவுக்கு முந்தின மூன்று நாளும் தமயந்தி மிஸ்ஸின் டப்பா கனமாகவே இருந்தது.

மூன்றாம் வகுப்பு மிஸ் ஆகஸ்டில் கல்யாணம் ஆகிப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. லீவு முடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லி, ஹெட்மாஸ்டர் கோதண்டராமன் சார் அந்த வகுப்பையும் நாலாம் வகுப்புத் தமயந்தியின் தலையில் கட்டினார். இரண்டு வகுப்புப் பரீட்சைத் தாளும் அவரே திருத்த வேண்டும். கடைசி நாள் நாலு மணிக்குள் மார்க் ஏறாவிட்டால் லீவிலும் தினம் வந்து உட்கார வேண்டும் என்று சர்க்குலர் வந்தது. அதைக் கொண்டுபோய் நீட்டியவள் யசோதாதான். கையெழுத்துப் போடும்போது தமயந்தியின் பேனா நடுங்கியது.

முன்பு இங்கே பாடம் எடுத்த வீணா மிஸ்ஸுக்கும் இப்படித்தான் முதலில் கை நடுங்கியது. ஆறு மாதத்துக்கு முன்னால், முழுப் பரீட்சை சமயம், தாள் கட்டோடு இரண்டாம் மாடிப் படியில் விழுந்தார். தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறியவள் யசோதா. வீணா பிழைத்துக்கொண்டார், ஆனால் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கண் மேலே சொருகியது யசோதாவின் நினைவை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போய், இன்னொருத்தியைத் தூக்க வைக்காதே தாயே என்றுதான் வேண்டிக்கொள்வாள்.

கடைசி நாள் பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூஜை. ஆபீஸ் ரூமில் படம் வைத்து, வகுப்புக்கு ஒரு புத்தகமாக வாங்கி அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போர்த்துவது யசோதாவின் வேலை. மத்தியானம் சார் விளக்கேற்றுவார். ஏற்றிவிட்டால் துணிக்குள் இருப்பதை விஜயதசமி வரை ஒருவரும் தொடக்கூடாது. சார் அதில் ரொம்பக் கறார். ஒரு வருஷம் பீரோ சாவியையே மறந்து உள்ளே வைத்துவிட்டு, பூட்டை உடைத்தாரே தவிரத் துணியைத் தூக்கவில்லை.

புத்தகம் வாங்க நாலாம் வகுப்புக்குப் போனாள். பிள்ளைகள் கீழே இறங்கிவிட்டார்கள். தமயந்தி மேஜைமேல் தலை சாய்த்துக் கிடந்தார். யசோதா பதறிப்போய் அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. தூக்கம்தான். பக்கத்தில் நூல் கட்டிய ஒரு கட்டு, இன்னும் திருத்தாத தாள்கள்.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்ததோ. இது துணிக்குள் போய்விட்டால் மிஸ் வீட்டுக்குத் தூக்கிப் போகவும் முடியாது, சார் லீவில் கூப்பிடவும் முடியாது. பத்து நாள் நிம்மதியாகத் தூங்கட்டும். கட்டைக் கொண்டுபோய்ப் புத்தகங்களுக்கு அடியில் வைத்து, துணி போர்த்தி, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் தாயே என்று கும்பிட்டாள். விளக்கு ஏறியதும் மிஸ்ஸிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள்.

விளக்கு ஏறியது. சொல்லப் போனவளைச் சார் நிறுத்தி, வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்குப் பொரி பத்தாது, ஓடிப் போய் வாங்கி வா என்று கடைக்கு அனுப்பினார். கடையில் நல்ல கூட்டம்.

பொரியைக் கொடுத்துவிட்டு மூச்சிரைக்க மாடியேறினாள். நாலாம் வகுப்பில் பெஞ்செல்லாம் இழுத்துப் போட்டுக் கிடந்தது. தமயந்தி தரையில் உட்கார்ந்து குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"எழுபத்தி நாலு பேப்பர் ஆயா. இங்கதான் வெச்சேன். வெச்சேனா? காலையில வீட்டுலேர்ந்து எடுத்துட்டே வரலையா? ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

யசோதா கவிழ்ந்த கூடையை நிமிர்த்தி வைத்தாள்.

"நேத்து கேஸ் அணைக்காம வந்துட்டேன். இன்னிக்கு இது. எனக்குப் புத்தி கலங்கிப் போச்சா ஆயா? மறைக்காம சொல்லுங்க."

எழுந்திருக்கப் போனவருக்குக் கால் மடங்கியது. கண்ணில் அதே சொருகல். யசோதா பாய்ந்து பிடித்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே. யாரை விழாமல் காக்க நினைத்தாளோ அவரைத் தன் கையாலேயே தள்ளிவிட்டாள். சாமியை வைத்துச் சூது செய்தால் சாமி சும்மா விடுமா?

"உங்களுக்கு ஒண்ணும் ஆகல மிஸ்ஸு. நான்தான் எடுத்தேன். பூஜையில இருக்கு."

தமயந்தி அவள் தோளில் சாய்ந்து அழுதார். பெஞ்சு இழுத்த சத்தம் கேட்டு மாடியேறி வந்த சார் வாசலில் நின்றிருந்தார். கடைசி வார்த்தைகள் அவர் காதில் விழுந்திருந்தன.

"தெரியாம வெச்சியா யசோதம்மா, தெரிஞ்சே வெச்சியா?"

தெரியாமல் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை தங்கும். புருஷன் இல்லாத வீடு. பொம்மசந்திராவில் கம்பெனிக்குப் போகும் மகனுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஆனால் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தெரிஞ்சுதான் சார். மூணு நாளா மிஸ்ஸு டப்பாவைத் தொறக்கவே இல்ல. வீணா மிஸ்ஸைத் தூக்கின கை சார் இது. இன்னொருத்தரைத் தூக்கத் தெம்பில்ல."

சார் தமயந்தியை ஆட்டோ வைத்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். யசோதாவிடம், விஜயதசமி ஆகட்டும், உன் விஷயம் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

லீவில் தினமும் விளக்கேற்ற அவள் ஒருத்திதான் வருவாள். அந்தத் துணியை நிமிர்ந்து பார்க்கப் பயம். வேலை போகுமோ என்பது பாதி, தாய் கோபித்துக்கொண்டாளோ என்பது மீதி. மிஸ் எப்படி இருக்கிறாரோ, யாரைக் கேட்பது? திரி படபடத்தாலே ஓடிப் போய் எண்ணெய் விடுவாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வராது. செய்ததைத் தப்பு என்று அவளால் முழுசாக நினைக்கவும் முடியவில்லை.

விஜயதசமியன்று சார் வந்தார். துணியைத் தானே எடுத்தார். அடியிலிருந்த கட்டை எடுத்து, அதன்மேல் உதிர்ந்திருந்த குங்குமத்தைத் தட்டி, தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இதை நான் திருத்திக்கறேன். இன்னொரு தரம் சாமியைத் துணைக்கு இழுக்காதே. என்கிட்ட வந்து சொல்லு."

"சொன்னா கேப்பீங்களா சார்?"

வாய் தவறி வந்துவிட்டது. தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது சார் வாசல் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

லீவு முடிந்து தமயந்தி வந்தார். இளைத்துத்தான் இருந்தார். டப்பா பாதி கனத்தில் திரும்பியது. மூன்றாம் வகுப்புக்கு நவம்பரில் ஆள் போட்டார்கள்.

அடுத்த வருஷம் தசராவுக்கு முந்தின வாரம். சர்க்குலரை எழுதி யசோதாவிடம் நீட்டிய சார், தலை நிமிராமலே கேட்டார்.

"யார் டப்பா கனமா இருக்கு?"

சொன்னால் யாருக்கு என்ன வருமோ. சுவரில் இருந்த சரஸ்வதி படத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பெயரைச் சொன்னாள்.