தராசில் ஏறி நின்ற அம்மா

வியாழக்கிழமை கைக்குழந்தையோடு தனியாகத் திருச்சிக்குப் பறக்க வேண்டும். எனக்கு ஒரே பயம். தைரியம் வரட்டும் என்று கணவர் இன்று ஷார்ஜாவின் பழைய விமான நிலையத்துக்கு அழைத்துப்போனார். இப்போது அது மியூசியம்.

சுவரில் ஒரு புகைப்படம். மணல் தரையில் சின்ன விமானம். பக்கத்தில், மூட்டை நிறுக்கும் தராசின் மேல் குழந்தையோடு ஒரு பெண் நிற்கிறாள்.

"ஆளை எதுக்குங்க நிறுக்கிறாங்க?"

"பாரம் கூடினா பிளைட் மேல எழும்பாதுல்ல, அதான்."

ஒரு வாரமாகப் பெட்டியை மட்டும்தான் நிறுத்துக்கொண்டிருக்கிறேன். ஆட்களை இப்போது யாருமே நிறுப்பதில்லையே என்றேன்.

"இப்ப பிளைட் பெருசும்மா. கலாஸ், அவ்வளவுதான், விடு," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழன் திருச்சி பிளைட்டில் யாராவது வருகிறீர்களா? நீங்கள் எத்தனை கிலோ என்று மட்டும் கமெண்டில் சொல்லுங்கள்.