மண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்

இன்று காலை எங்கள் கவுண்டரில் ஒருவர் என்னிடம் பொய் ரிப்போர்ட் கேட்டார்!

கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர் யாரும் இல்லை. சரோஜா அக்கா. சுங்கை பாக்காப்பில் வாடகை நிலத்தில் காய்கறி போடுபவர்.

தெரியாதவர்களுக்கு: நான் ஜார்ஜ்டவுனில் ஒரு மண் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறேன். (என் அம்மாவைக் கேட்டால், "மண்ணு அள்ளப் போறா" என்பார்.)

போன மாதம் அக்காவின் தோட்டத்தில் மண் எடுக்கப் போனேன். நிலத்தின் ஓனர்தான் எங்களை அனுப்பினார்.

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். வாடகை ஒப்பந்தம் முடியப் போகிறது, அதைப் புதுப்பிக்கத்தான் இந்த டெஸ்ட் என்று நினைத்துக்கொண்டார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மிளகாய், கீரை, வெண்டி என்று வருடம் முழுக்க ஏதாவது விளைந்துகொண்டே இருக்கும் நிலம். மோட்டார் வைத்துக் கால்வாய்த் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். இப்படி ஓய்வே கொடுக்காமல் உரமும் தண்ணீரும் விட்டால் மண்ணில் உப்பு ஏறும். அடிமண் இறுகிவிடும்.

அக்கா வாடகைக்கு எடுத்தபோது நிலம் அப்படித்தான் கிடந்ததாம்.

"முன்னால இருந்தவன் உரத்த கொட்டிக் கொட்டியே கொன்னுட்டான், தங்கச்சி. மழ பேஞ்சா தண்ணி உள்ளயே போவாது. யாருக்கும் வேணாம். அதனாலதான் எனக்குக் கெடச்சுது!"

அவரும், ஜுருவில் ஃபேக்டரி வேலை செய்யும் அவர் கணவரும் வாய்க்கால் வெட்டி உப்பைக் கழுவி விட்டிருக்கிறார்கள். பாமாயில் ஆலையிலிருந்து, எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் செம்பனைக் குலைச் சக்கையை லாரியில் கொண்டுவந்து பரப்பியிருக்கிறார்கள். கோழி எருவை மக்க வைத்துப் போட்டிருக்கிறார்கள். லீவு நாளெல்லாம் அங்கேதான்.

நான் மண்வெட்டியைப் போட்டேன். புட்டு மாதிரி உதிர்ந்தது! மண்புழுக்கள் நெளிந்தன. இரும்பு வளையத்தை மண்ணில் பதித்துத் தண்ணீர் ஊற்றினேன். நின்று பார்ப்பதற்குள் உறிஞ்சிக்கொண்டது.

"நல்லா இருக்காம்மா?" என்று கேட்டார் அக்கா.

"சூப்பர்க்கா! நான் பார்த்ததுலயே இதான் பெஸ்ட்."

எனக்கு டீ கலக்கிக் கொடுத்தார். ஒரு பை நிறைய வெண்டிக்காயும் கொடுத்தனுப்பினார்.

லேப்பிலும் எல்லாம் அருமையாக வந்தது. அப்படியே எழுதினேன். ரிப்போர்ட் ஓனருக்குப் போனது.

இன்று அக்கா அக்கரையிலிருந்து பெர்ரி பிடித்து வந்து நிற்கிறார்.

"தங்கச்சி, மண்ணு கெட்டுப் போச்சுன்னு இன்னொரு ரிப்போர்ட் தர முடியுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஒரு கம்பெனிக்காரன் நெலம் கேட்டிருக்கான்லா. ஓனரு உன் ரிப்போர்ட்ட காட்டிட்டாரு. மெலன் போடப் போறாங்களாம். இந்தக் காய் பறிச்சு முடிஞ்சதும் எங்கள காலி பண்ணச் சொல்லிட்டாரு."

"அப்படி மாத்தி எழுத முடியாதுக்கா..."

"தெரியும்மா. கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன்."

உள்ளேயிருந்து என் பாஸ் எட்டிப் பார்த்தார். "ஓனர்தான் நம்ம கஸ்டமர். நீ தலையிடாதே."

தலையிட்டேன். மதிய இடைவேளையில் ஓனருக்குப் போன் செய்தேன்.

"ரிப்போர்ட் பெஸ்ட்லா, மிஸ்!" என்றார். (நன்றி சார், ரொம்பப் பெருமையாக இருக்கிறது.)

"அந்த மண்ண அவங்கதானே சார் சரி பண்ணாங்க?"

"நான் செய்யச் சொல்லலையே."

அவ்வளவுதான். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

அக்கா வெளியே அஞ்சடியில், கடை வாசல் நடைபாதையில், காத்துக்கொண்டிருந்தார். மறைக்காமல் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அதுவும் சரிதான். அவரு சொல்லல. நாங்களாத்தான் செஞ்சோம்" என்று சொல்லிவிட்டு பெர்ரித் துறையைப் பார்த்து நடந்தார்.

உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது, எல்லாம் அளந்தேன். இது எதற்காக என்று ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

இப்போது உங்களைக் கேட்கிறேன்.

வாடகை நிலத்தின் மண்ணைத் திருத்தியவருக்குச் சட்டத்தில் ஏதாவது பிடி இருக்கிறதா? நண்பர்களில் வக்கீல் யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். காய் பறித்து முடிவதற்குள் வந்தால் நல்லது.

தயவுசெய்து "பாவம்" என்று மட்டும் கமெண்ட் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அதை நானே காலையிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்!