எண்ணெய் மணக்கும் கிணறு

நீர்வேலிக் கிராமத்தில் என் ஒன்றுவிட்ட அக்காவின் கிணற்றை இறைத்த அன்றுதான் அவரைக் கண்டேன். பக்கத்து வீட்டு வளவுக்காரர். ஒல்லியான உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. சில வருடங்களுக்கு முன் வேலிச் சண்டைக் கோபத்தில், தன் தண்ணீர் பம்பின் கழிவு எண்ணெயை அக்காவின் கிணற்றில் ஊற்றியவர். மறுநாளே தானாக வந்து காலில் விழுந்தாராம். அன்று தொடக்கம் தினமும் காலையில் இரண்டு பிளாஸ்டிக் கான் நிறைய நல்ல தண்ணீரைச் சைக்கிளில் கொண்டுவந்து வைக்கிறார்.

மாரி மழை முடிந்ததும் கிணற்றை இறைத்து, புதிதாக ஊறும் தண்ணீரில் எண்ணெய் மணம் போய்விட்டதா என்று முகர்ந்து பார்ப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. முதல் வாளி மேலே வந்தது. அக்கா ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். கயிற்றைப் பிடித்திருந்த வளவுக்காரர் அக்காவின் முகத்தையே பார்த்தார்.

"இன்னும் மணக்குதடா தம்பி. என்ரை செத்தவீட்டுக்கும் நீதான் தண்ணி கொண்டுவரவேணும் போலை கிடக்கு" என்றார் அக்கா.

நாங்கள் சிரித்தோம். வளவுக்காரர் சிரிக்கவில்லை.

"அக்கா எப்பவோ மன்னிச்சிட்டா. பிறகேன் இன்னும் தண்ணி சுமக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை, மன்னிச்சிட்டா. ஆனா ஊத்தினதைத் திருப்பி அள்ள என்னாலை ஏலாது. அது முருகன் விடுற மழையாலைதான் போகவேணும். அதுவரைக்கும் நான் தண்ணி சுமக்கிறன்."

அந்த வாளித் தண்ணீரைத் தன் வளவுக்குள் கொண்டுபோய்க் கொட்டினார்.

நான் யாருடைய கிணற்றிலும் எண்ணெய் ஊற்றியதில்லை. ஆனாலும் திருப்பி அள்ள முடியாதவை எனக்கும் உண்டு. இப்போது என் வீட்டுக் கிணற்றின் முதல் வாளியை, "முருகா" என்று சொல்லாமல் முகர்ந்து பார்க்க முடியவில்லை.