ராத்தா கேட்ட வாக்கு

கடிதத்தைக் கையில் வாங்கியதும் ராத்தா முதலில் எழுத்தைத்தான் பார்த்தாள். "உன்ட எழுத்து இன்னும் வடிவாத்தான் இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, மேசையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். மாலை அஸர் தொழுது முடிந்த நேரம். பரீட்சைத்தாள் கட்டு ஒன்று அவிழ்ந்தபடி அவள் முன்னால் கிடந்தது. எதிரில் இருந்த கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள். எனக்கு இருக்க மனம் வரவில்லை. அவள் ஒவ்வொரு வரியாக வாசித்து முடிக்கும்வரை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியை ராத்தா என்போம். எனக்கு அவள் ஒருத்திதான். கற்பிட்டி வீதியோரமாக உள்ள எங்கள் குடியேற்றத்தின் பள்ளிவாசலில் நான் அப்போது நிர்வாக சபைச் செயலாளர். பிரதேச சபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்ற அவள், பள்ளிவாசலைச் சேர்ந்த ஊராரான ஜமாஅத்தின் ஒற்றுமையை முன்னிட்டு ஒதுங்கிக்கொள்வதாக ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்று நிர்வாக சபை கேட்டிருந்தது. அதைத்தான் பள்ளிவாசல் முத்திரையோடு நான் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்.

இன்றைக்கு இதைக் கேட்பவர்களுக்கு எங்கள் ஊர் மூடர்களின் ஊர்போலத் தோன்றும். அது நியாயமில்லை. தொண்ணூறில் யுத்தத்தின்போது புலிகளால் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியபோது எனக்குப் பதினாறு வயது. ராத்தா ஆசிரியை வேலைக்குப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. கரையிலிருந்த சனங்கள் கஞ்சி காய்ச்சித் தந்தார்கள், உடுக்கத் துணி தந்தார்கள். ஆனால் அடுத்த நாள் எங்கே படுப்பது, யாரிடம் போய் எதைக் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தென்னை மரங்களுக்குக் கீழே வாப்பாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கூடி மஷூரா செய்தார்கள். ஆலோசனைக்கு எங்கள் சொல் அது. நூறு குடும்பங்கள் நூறு வாயால் கேட்டால் ஒன்றும் கிடைக்காது, ஒரு வாயால் கேட்போம் என்று அன்று முடிவெடுத்தார்கள். அப்படிக் கேட்டுத்தான் கிடுகுக் கொட்டில் வந்தது, நிவாரண அரிசி வந்தது, பிறகு காணி வந்தது. அதன்பின் தேர்தல் வந்த ஒவ்வொரு முறையும் பள்ளிவாசலில் மஷூரா கூடும். யாருக்கு வாக்களிப்பது என்று முடிவாகும். கடைசி வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். ஊர் அப்படியே போய்ப் புள்ளடி போடும். கொட்டில்கள் கல்வீடுகளான பிறகும், அகதி என்ற சொல்லை எங்கள் பிள்ளைகள் மறந்த பிறகும், அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. அது எங்களைக் காப்பாற்றிய வழக்கம். கைவிட்டால் மறுபடியும் கடற்கரையில் நிற்போம் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் உள்ளே இருந்தது. எனக்கும் இருந்தது.

அந்த மஷூராவில் பெண்கள் இருந்ததில்லை. இருக்க வேண்டும் என்று யாரும் நினைத்ததுமில்லை. பிரதேச சபைப் பட்டியல்களில் பெண்களின் பெயர்களும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோதுதான், எங்கள் பள்ளிவாசல் தலைவரான ஹாஜியார் ராத்தாவின் வீடு தேடி வந்தார். அவள் கணவர், என் மச்சான், மவுத்தாகிப் பல வருடம், பிள்ளைகளும் இல்லை, படித்தவள், ஊரில் நல்ல பெயர். அதைவிடப் பொருத்தமான ஆள் யார்? நானும் கூடப் போயிருந்தேன்.

"பேருக்கு மட்டுந்தான் டீச்சர். நீங்க ஒரு எடத்துக்கும் வரத் தேவல்ல. கூட்டம், பேச்சு எல்லாம் மருமகன் பாத்துக்குவார்" என்றார் ஹாஜியார். வேட்பாளர் அவருடைய மருமகன்.

ராத்தா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "என்ட பேர் போகும். நான் எப்ப போற ஹாஜியார்?"

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை.

அவளை உண்மையில் தேர்தலுக்கு இழுத்தது வெங்காயத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள். விடிந்ததும் ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து அவர்களை அதன் பின்பெட்டியில் நெருக்கி ஏற்றிக்கொண்டு போகும். ஒரு நாள் அது வளைவில் கவிழ்ந்தது. ஒருத்திக்கு வலது கை முறிந்தது. செய்தி வந்ததும் ராத்தா வகுப்பை அடுத்த ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் பேசி எல்லாம் செய்வித்தாள். அந்தப் பெண் மூன்று மாதம் தலை வார முடியாமல் இருந்தபோது, ராத்தா பாடசாலை விட்டு வரும் வழியில் அவள் வீட்டுக்குள் போய்த் தலை வாரிப் பின்னிவிட்டு வருவாள். தோட்டம் ஹாஜியாரின் உறவினருடையது. வேறு வாகனம் விடச் சொல்லி அந்தப் பெண்கள் பள்ளிவாசலுக்கு ஒரு மனு கொடுத்தார்கள். சபையில் நான்தான் அதை வாசித்தேன். அடுத்த விசயம் என்ன என்று கேட்டார்கள். அடுத்த விசயத்துக்குப் போனோம்.

அதற்குப் பிறகுதான் பெண்கள் ராத்தாவின் வீட்டில் கூடத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு பாய் விரித்து உட்கார்வார்கள். குடிதண்ணீரில் உப்பு ஏறியது, கர்ப்பிணிகள் கிளினிக்குக்குப் போகப் பஸ் இல்லாதது, மழைக்குக் குளமாகும் ஒழுங்கைப் பாதை, இவைதான் பேச்சு. தேர்தலில் நீங்கள் நில்லுங்கள் என்று அவர்கள்தான் சொன்னார்கள். சுயேச்சைக் குழுவுக்குத் தேவையான பெயர்களையும் அவர்களே வீடு வீடாகப் போய்ச் சேர்த்தார்கள். அந்த நாட்களில் ராத்தாவின் முகத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். மச்சான் இருந்த காலத்துக்குப் பிறகு நான் பார்க்காத வெளிச்சம்.

கடிதத்தை வாசித்து முடித்து அதை நான்காக மடித்தாள்.

"இது நீ எழுதினதா, அவங்க சொல்லி எழுதினதா?"

"ஜமாஅத் முடிவு ராத்தா."

"ஜமாஅத்தெண்டா ஆரு தம்பி? கையைக் கட்டிக்கிட்டு அந்தக் கூட்டத்தில இருக்கிற பதினொரு பேரா? நான் அதில இல்லியா? உம்மா இருந்தா உம்மா இல்லியா?"

மடித்த கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"நான் வழக்கத்த ஒடைக்க வரல்ல. மஷூரா நல்லம். அது எங்கட மார்க்கத்தில உள்ளது. நபியவங்களே நெருக்கடியான நேரத்தில தங்கட மனைவிட்ட யோசனை கேட்டு அதுபோலச் செஞ்சிருக்காங்க. அந்தப் பாயில கொஞ்சம் தள்ளி இருங்க, எங்களுக்கும் எடம் தாங்க எண்டுதான் கேக்கிறன். இதில என்ன ஒற்றுமை ஒடைஞ்சிச்சு?"

என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அது அவளிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. முந்தின நாள் ஹாஜியார் என் தோளில் கைபோட்டு நடந்தபடி கேட்டிருந்தார். "மகள்ட நிக்காஹ் அடுத்த மாசந்தானே தம்பி? மாப்பிள வீட்டார் நல்ல சனம். ஊர்ல ஒரு பிரச்சின எண்டு கேள்விப்பட்டா அவங்க ஒரு மாதிரி யோசிப்பாங்க." அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. அந்த மாப்பிள்ளை வீட்டைத் தேடிப் பிடித்தவளே ராத்தாதான். மதுரங்குளிக்கு மூன்று தடவை பஸ்ஸில் போய்ப் பேசி முடித்தவள் அவள்.

"எனக்கு ஏலாது தம்பி" என்றாள் கடைசியில். "அந்தப் பொம்புளைகளுக்கு நான் வாக்குக் குடுத்திட்டன். நீ போய்ச் சொல்லு." வாசல்வரை வந்து, "வெயில்ல வந்தாய், ஒண்டும் குடிக்காமப் போறாய்" என்றாள்.

தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தது. வழக்கமாக அறிவிப்பை வாசிப்பவர் ஹாஜியார். அன்று அவர் காகிதத்தை என்னிடம் நீட்டினார். "தொண்ட சரியில்ல. நீங்க வாசிங்க." சபையில் இருந்த அனைவரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என் கையில் தந்தார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுந்துபோய் மைக்கைப் பிடித்தேன். ஊர் இன்ன சின்னத்துக்கு வாக்களிக்க முடிவு செய்திருக்கிறது, தனித்துப் போகிறவர்கள் நம் மூத்தவர்கள் கட்டிக் காத்த ஒற்றுமையைக் குலைக்கிறார்கள், தாய்மார்களும் சகோதரிகளும் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும் என்று வாசித்தேன். ராத்தாவின் பெயர் அதில் இல்லை. குரல் நடுங்காமல் வாசித்தேன் என்று பலர் பிறகு பாராட்டினார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஊரில் எல்லா வீடுகளிலும் சமையல் நடக்கும். எல்லா அடுக்களைகளுக்கும் அந்த ஒலிபெருக்கி கேட்கும். பள்ளிவாசலிலிருந்து நான்காவது வீடு ராத்தாவுடையது.

வாக்குகளை எண்ணி முடித்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பாயில் இருந்தவர்களின் தொகைகூட அவளுக்கு விழவில்லை.

அவள் அழுததை நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போலப் பாடசாலைக்குப் போனாள். அடுத்த மாதம் என் மகளின் நிக்காஹ் நடந்தபோது முதல் ஆளாக வந்து, பெண்கள் பக்கம் முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு நடத்தினாள். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து, "புள்ளட காரியம் நல்லபடியா முடிஞ்சிச்சு. அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் ஏன் அதை வாசித்தேன் என்பதை அவள் அறிந்திருந்தாள் என்று அப்போது எனக்கு விளங்கியது. அன்றே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சட்டிகளை எடுத்துவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அதற்குப் பிறகு அவள் வீட்டில் பாய் விரிக்கப்படவில்லை. தண்ணீரைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ அவள் யாரிடமும் கதைக்கவில்லை. என்னோடு அன்பாகத்தான் இருந்தாள். நோன்புக்குக் கஞ்சி அனுப்பினாள். ஆனால் பிறந்த என் மகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்பதுவரை யோசனை சொன்ன அந்தப் பழைய ராத்தா, எதைக் கேட்டாலும் "உங்களுக்கு விருப்பம்போலச் செய்ங்க" என்று சொல்லும் ஒருத்தியாகிவிட்டாள்.

சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு காலையில், பாடசாலைக்குப் போகச் சேலையை உடுத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மவுத்தானாள்.

ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்தபோது அவள் வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். வெங்காயத் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். கை முறிந்தவள் சுவரில் சாய்ந்து, டீச்சர், டீச்சர் என்று விக்கி விக்கி அழுதாள். அந்த அழுகை என்னை எரித்தது. இத்தனை வருடமும் நான் மனதுக்குள் இவர்கள்மேல்தான் பழியைப் போட்டு வைத்திருந்தேன். அவ்வளவு செய்தவளுக்கு ஒரு புள்ளடி போடாத நன்றிகெட்டவர்கள் என்று நினைத்திருந்தேன். என்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. "இண்டைக்கு அழுறீங்க. அண்டைக்கு அவட சின்னத்துக்குப் போட ஒரு கை வரல்லியே?"

 கை முறிந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இருக்கவில்லை. ஆச்சரியம்தான் இருந்தது. அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானா என்றுதான் கூப்பிட்டாள்.

"போடத்தான் இருந்தம் நானா. வியாழக்கிழமகூட டீச்சருக்கு எண்டுதான் கதைச்சம். ஹாஜியார் சொல்லியிருந்தா நாங்க மாத்தியிருக்க மாட்டம். வெள்ளிக்கிழம உங்கட கொரல் கேட்டிச்சு. கூடப் பொறந்தவரே சொல்றாரே, டீச்சர் உடன்பட்டுத்தான் சொல்றாராக்கும் எண்டு நெனச்சம். அவ சம்மதமில்லாம நீங்க அப்புடி வாசிப்பீங்களா?"

நான் வெளியே வந்து கிணற்றடியில் உட்கார்ந்தேன். யார் யாரோ வந்து தோளைத் தொட்டு, ஸபூர் செய், பொறுத்துக்கொள் என்று சொன்னார்கள்.

அடுத்த மாதமே செயலாளர் பதவியை விட்டேன். அதனால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. போன தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை புதிய செயலாளர் அறிவிப்பை வாசித்தார். என்னைவிட நல்ல குரல். நான் அதற்கு நிற்காமல் ஜும்ஆ முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுக்களையில் என் மனைவி கறிச்சட்டியின் சத்தம் இடைஞ்சலாக இருக்கக்கூடாதென்று அடுப்பைத் தணித்துவிட்டு, ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது. அன்றுதான் முதல் தடவையாக அவளிடம் கேட்டேன். "நீ யாருக்குப் போடப் போறாய்?"

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. "இதென்ன புதுசா? நீங்க சொல்றவங்களுக்குத்தானே எப்பயும் போடுற" என்றாள்.

உனக்குச் சரியென்று படுகிறவர்களுக்குப் போடு என்று சொல்ல நினைத்தேன். அதுவும் நான் சொல்வதாகத்தானே அவள் காதில் விழும் என்று தோன்றியது. 

கரண்டியைக் கையில் பிடித்தபடி அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்களே" என்றாள்.