ஒன்பதாம் கட்டை முகாமின் தண்ணீர் வரிசை

காலை 7.20. திருகோணமலை பஸ் நிலையம். நிலாவெளி ஒன்பதாம் கட்டைக்கு ரிக்கற் ஆறு ரூபாய். வவுனியாவிலிருந்து முதல்நாளே வந்து தங்கியிருந்த என்னை அழைத்துப்போக அத்தான் வந்திருந்தார். அக்காவின் கணவர், முன்பு பள்ளிக்கூட அதிபர். ஊர் எரிந்த பிறகு ஒன்பதாம் கட்டைக்கு அப்பால் ஓர் அகதி முகாமில் இருக்கிறார்கள். அங்கும் அவர்தான் தலைவர். முகாமுக்குத் தண்ணீர் போதவில்லை, நல்ல தமிழில் ஒரு மனு எழுதித்தர வேண்டும் என்று கடிதம் போட்டிருந்தார். நான் வவுனியா அரசாங்க அலுவலகத்தில், கச்சேரியில், எழுதுவினைஞன். மனு எழுதுவதில் நான் ஒரு புலி என்ற நினைப்பு எனக்கும் உண்டு. அந்த நாட்களில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம்.

8.05. உப்புவெளி தாண்டியதும் சோதனைச்சாவடி. தமிழர் மட்டும் இறங்கி வெயிலில் வரிசையாக நிற்க வேண்டும். மற்றவர்கள் இருக்கையிலேயே இருக்கலாம். ஒரு சிப்பாய் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "போடா" என்றான். அவனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். எனக்குக் காது சுட்டது.

பஸ்ஸில் ஏறியதும் அத்தான் என் பக்கம் குனிந்தார். "பாத்தீரோ தம்பி? ஒரே பஸ், ஒரே ரிக்கற். எங்களுக்கு மட்டும் வேற வரிசை. மனிசரை மனிசராப் பாக்காத இந்தப் பாகுபாட்டை நீர் மனுவிலை வடிவா எழுதவேணும்."

எழுதத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

9.30. முகாம். பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் கிடுகுக் கொட்டில்கள், அறுபத்திரண்டு குடும்பங்கள். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. ஒன்றுவிட்டு ஒருநாள் பவுசர் லொறியில் தண்ணீர் வந்து ஒரு கறுப்புத் தாங்கியில் நிரம்பும். அன்று வந்திருந்தது. மனுவுக்கு உதவும் என்று நின்று பார்த்தேன். பெண்கள் வரிசையாக வந்து குடங்களை நிரப்பிக்கொண்டு போனார்கள்.

வரிசை முடிந்த பிறகுதான், மரத்தடியில் தனியே நின்ற பத்துப் பதினைந்து பேர் கிட்ட வந்தார்கள். குழாயை அவர்கள் தொடவில்லை. வாளிகளை நிலத்தில் வைத்துவிட்டு விலகி நின்றார்கள். ஓர் இளைஞன் தகரப் பேணியில் தண்ணீர் பிடித்து, எட்ட நின்றே ஊற்றினான். ஐந்தாவது வாளியோடு அத்தான் கையைக் காட்டினார். "காணும். மிச்சம் நாளைக்கு."

"அவை ஆர்?" என்று அக்காவைக் கேட்டேன்.

"அவையோ? மற்ற ஆக்கள்."

ஊரில் இருந்ததுதான், சின்ன வயதில் பார்த்ததுதான். வீடு போய், வயல் போய், உடுத்த துணியோடு ஓடிவந்தவர்கள் இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

11.00. அத்தான் சொல்லச் சொல்ல எழுதினேன். பாகுபாடு, ஏற்றத்தாழ்வு, ஒடுக்குமுறை, சமத்துவம் எல்லாம் வந்தன. வகுப்பறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். பெயர் மலர் என்று பிறகு அறிந்தேன். ஒரு கையில் வெறும் வாளி. இடுப்பில் குழந்தை துவண்டு கிடந்தது.

"ஐயா, பிள்ளைக்கு மூண்டு நாளா வயித்தாலை போகுது. காய்ச்சிக் குடுக்கத் தண்ணி இல்லை. எங்களுக்கும் வரிசையிலை ஒரு இடம் வேணுமெண்டு அதிலை ஒரு வரி போடுங்கோ."

அத்தான் கடதாசியின் மேல் கையை வைத்தார். "அது எங்கட வீட்டுக் கதை. வெளியாக்களுக்கு ஏன்? நீ போ."

"எழுத ஏலாதோ ஐயா?" மலர் என்னைத்தான் கேட்டார்.

ஏலாது என்று நான் சொல்லவில்லை. எழுதவும் இல்லை. அந்த வெட்கத்தில்தான் எழுந்து போய் வாளியை வாங்கினேன். தாங்கியடிக்குப் போய், வாளி விளிம்பு குழாயில் முட்ட முட்டப் பிடித்து நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தேன். மலர் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று போனார்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா ஒரு பிடி சாம்பலோடு குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துவிட்டுத் திறந்துவிட்டார். மறுபடியும் தேய்த்தார், மறுபடியும் திறந்துவிட்டார். ஒரு வாளிக்கு மேலேயே தண்ணீர் மணலில் ஓடியது.

"அக்கா, என்ன செய்யிறியள்!" என்று கத்திவிட்டேன்.

அவர் திரும்பவில்லை. "நீ பின்னேரம் போயிடுவாய். நாங்கள் இந்தச் சனத்தோடை இஞ்சைதானே இருக்கிறம்."

பிற்பகல் 2.15. பஸ். பைக்குள் மனு இருந்தது. அத்தான் சொன்னதில் ஒரு சொல் குறையவில்லை, கூடவும் இல்லை. அடுத்த பவுசர் நாளை மறுநாள்.

வவுனியாவுக்குத் திரும்பி வேலைக்குப் போன அன்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார்: "முகாமிலை சனத்துக்கு என்ன குறை?"

"தண்ணிதான்" என்றேன்.