நீட்டு ஜீப்பா, குட்டை ஜீப்பா

மாரி தொடங்கி விதைப்பு முடிந்துவிட்டால் கல்முனையில் என் கராஜுக்கு வேலை குறைந்துவிடும். மழைக்குள் யாரும் வண்டி திருத்தக் கொண்டுவர மாட்டார்கள். அந்த இரண்டு மூன்று மாதத்தில் பழைய வண்டி ஒன்றை எடுத்து, பிரித்து, என் விருப்பப்படி மாற்றிக் கட்டுவது தொண்ணூறுகளில் எனக்கு வழக்கமாகியிருந்தது. கூட நிற்பவர் மச்சான், என் மனைவியின் காக்கா, அவளுக்கு மூத்த அண்ணன். சாய்ந்தமருதில் வெல்டிங் வேலை செய்பவர்.

ஒரு மாரிக்கு, நாலு சில்லும், அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்று செய்வதென்று முடிவாயிற்று. எந்த ஜீப் என்பதில்தான் இருவரும் ஒத்துப்போகவில்லை. மருதமுனையில் ஒரு கைத்தறி முதலாளியின் வீட்டு வளவில் குட்டை ஜீப் ஒன்று நின்றது. பெற்றோல் எஞ்சின், இரண்டாம் முறையிலேயே ஸ்டார்ட் ஆனது. உயர்த்திய ஸ்பிரிங், அகல டயர், கூரையில்லாத உடம்பு என்று மனதுக்குள் அதை நான் பலமுறை கட்டி ஓட்டியும்விட்டேன். மச்சானுக்கோ சவளக்கடையில் நின்ற நீட்டு ஜீப்பில் கண். அது ஓடி ஒரு வருடம்.

“நல்லா ஓடுறத எடுத்து நாம என்னத்தச் செய்யிற மச்சான்?” என்றார்.

சாப்பாட்டு வேளையெல்லாம் இதே கதை. கேட்டுக் கேட்டு அலுத்த மனைவிதான், போய்ப் பார்த்துவிட்டு வந்து சண்டை பிடியுங்கள் என்றாள்.

போன அன்று சவளக்கடைக்குள் நுழையும் ரோட்டில் வெள்ளம். மோட்டார் சைக்கிளை ஒரு கடையடியில் விட்டுவிட்டு சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தோம். ஜீப்பின் சொந்தக்காரர் வேளாண்மைக்காரர், எங்களைவிட மூத்தவர். விற்கிறவர் போலவே கதைக்கவில்லை. எஞ்சின் இறுகிப்போனது, முன் அச்சு உடைந்தது, பின் சேசிச் சட்டத்தில் துருவேறிக் கறள் பிடித்த இடம் எல்லாவற்றையும் தானே தொட்டுக் காட்டினார். யோசித்து எடுங்கள் என்றார். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இனி மச்சான் வாய் திறக்க முடியாது.

தேத்தண்ணி கொண்டுவந்தவர் அவருடைய மனைவி. போன மாரியில் கணவருக்கு வயிற்றுக்குள் ஏதோ வெடித்து, ஜீப் ஓடாததால் உழவு மெஷினின் இழுவைப் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக அவர் சொன்னார். மேலே படங்கு விரித்துப் பிடித்தும் மழை உள்ளே வந்ததாம். அந்த அம்மா சிரித்தார்.

“மழை பெரிசில்ல தம்பி. இவருக்குக் குலுக்கந்தான் தாங்க ஏலாமப் போச்சு.”

நான் எழுந்து போய் ஜீப்பின் பின்கதவைத் திறந்தேன். எலிப்புழுக்கையை ஒதுக்கிவிட்டு உள்ளே ஏறி, நெடுக்காகப் படுத்துப் பார்த்தேன். காலை நீட்ட முடிந்தது. குட்டை ஜீப்பில் ஒரு ஆளைப் படுக்கவைக்க வழியே இல்லை. இறங்கி வந்து, இதையே எடுப்போம் என்று மச்சானிடம் சொன்னேன்.

அதைக் கராஜுக்கு இழுத்துவரவே வெள்ளம் வடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடிபட்டுக் கிடந்த வேன் ஒன்றின் டீசல் எஞ்சினை அதில் இறக்கினோம். சேசியை மச்சான் வெட்டி ஒட்டினார். ஸ்பிரிங்கில் தகடு கூட்ட வேண்டும் என்றார் அவர். குலுக்கம் குறைய வேண்டுமென்றால் தகட்டைக் குறைக்க வேண்டும் என்று நான் நின்றேன். அதில் மட்டும் என் சொல்தான் நடந்தது. வேலை முடிந்தபோது மாரி போய், வெள்ளாமையும் வெட்டி, ரோட்டில் புழுதி பறந்தது. மாரிக்குச் செய்த வண்டி வெயிலில் நிற்கிறது என்று கராஜுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். குட்டை ஜீப்பை யாரோ பொத்துவிலுக்குக் கொண்டுபோய்ச் சிவப்புப் பூசி ஓட்டினார்கள். ஒருநாள் அது கல்முனை பஸ் நிலையத்தருகே என்னைக் கடந்து போனது. வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த மாரியில்தான் எங்கள் ஜீப், ஓட்டிப் பார்ப்பதற்காக, சவளக்கடை ரோட்டு வெள்ளத்தில் முதன்முதல் இறங்கியது. எஞ்சின் காற்றாடி தண்ணீரை அடித்து எறியாமல் இருக்க அதன் பெல்ட்டைக் கழற்றினோம். ரோடு எங்கே, வாய்க்கால் எங்கே என்று தெரியவில்லை. மச்சான் இடுப்பளவு தண்ணீரில் கம்பால் குத்திக் குத்தி முன்னால் நடந்தார். நான் அவருடைய முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு முதல் கியரில் ஊர்ந்தேன். எஞ்சின் நிற்கவில்லை. மேட்டில் ஏறியதும் அவர் வந்து பின்கதவைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது, கூடவே இரண்டு பனையான் மீன்கள். அவற்றைச் சாறன் மடியில் போட்டுக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார்.